பந்து வந்தது... பட்டியல் எங்கே?

ஊராட்சிப் பணம் விளையாட்டுக்குப் போகும் வழி: வள்ளூர் வட்டாரத்தில் ஒரு கணக்கு

சாயங்காலம் கும்மிடிப்பூண்டி மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர் தன் சம்பளச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டும். பிராவிடண்ட் பண்டு, இ.எஸ்.ஐ. பிடித்தங்களுக்குக் கீழே சின்னதாக ஒரு தொகை இருக்கும். அதன் பெயர் தொழில் வரி.

இந்தப் பணம் டெல்லிக்குப் போவதில்லை. கோட்டைக்கும் போவதில்லை. வேலை செய்யும் இடத்து உள்ளாட்சிக்குப் போகிறது. குடியிருப்பது திருவொற்றியூராக இருக்கலாம். வேலை வள்ளூரில் என்றால் வரி வள்ளூர் பக்கம். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்றால் வரி அந்தப் பக்கம். ஒரு ஆளுக்கு வருஷத்தில் ரூ.2,500-க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு உச்சவரம்பு போட்டிருக்கிறது.

சின்னத் தொகைதான். ஆனால் ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் என்று சேர்ந்தால்?

அந்தப் பணத்தில் ரோடு போடலாம். விளக்குப் போடலாம். ஊர்ப் பையன்களுக்கு ஒரு வாலிபால் மைதானமும் போடலாம். சட்டம் தடுக்கவில்லை.

அப்படியானால் எந்த ஊருக்கு மைதானம், எந்தத் தெரு சங்கத்துக்குப் பந்து, எந்த மன்றத்துக்குக் கட்டிடம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? எந்தக் கணக்கில்?

அங்கேதான் சிக்கல்!

"செய்" என்று ஒன்று... "செய்யலாம்" என்று ஒன்று

1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன.

110-வது பிரிவு, ஊராட்சி செய்தே தீர வேண்டிய வேலைகளைச் சொல்கிறது. ரோடு, தெரு விளக்கு, சாக்கடை, குடிதண்ணீர், சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம்.

111-வது பிரிவு, ஊராட்சி விரும்பினால் செய்யக்கூடிய வேலைகளைச் சொல்கிறது. படிப்பகம், பூங்கா, விளையாட்டு மைதானம், விளையாட்டு மன்றம், உடற்பயிற்சி நிலையம் ஆகியவை இதில் வருகின்றன.

ஆக, விளக்கு எரியாவிட்டால் ஊராட்சியைப் பிடித்து உலுக்கலாம். மைதானம் இல்லாவிட்டால் கெஞ்சத்தான் முடியும். "விருப்பம்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் சங்கத்துப் பையன்களின் தலையெழுத்து இருக்கிறது.

ஊராட்சித் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "முதல்லே குடிக்கத் தண்ணி, அப்புறம்தான் பந்து" என்பார்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல் நீர் ஏறி, கிணறுகள் உப்புக் கரித்துப் போனது ஊரறிந்த கதை. அங்கே இந்தப் பேச்சைத் தள்ளிவிட முடியாது. 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை கிராமங்களுக்குச் சிபாரிசு செய்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப் போடப்பட்டது. மீதி 40-ல்தான் மற்ற எல்லாமே.

அதனால் விளையாட்டுக்குப் பணம் பெரும்பாலும் ஊராட்சியின் பெட்டியிலிருந்து வருவதில்லை. வெளியிலிருந்து வருகிறது.

ஐந்து வாசல்கள்

வெளிப் பணம் வரும் வாசல்கள் ஐந்து. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு காவல்காரர்.

முதல் வாசல், சர்க்கார் திட்டம். 2006-ல் தொடங்கி 5 வருஷம் நடந்தது அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம். அப்போது இருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் முறை வைத்து, ஊருக்கு ரூ.20 லட்சம் என்று போனது. குளம், சுடுகாடு, நூலகம் என்ற வரிசையில் விளையாட்டு மையமும் இருந்தது. இதே பெயரில் இரண்டாவது திட்டம் பின்னால் வந்தது. 2020-ல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024-ல் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணப் பெட்டிகள் வந்தன. பெட்டிக்குள் 33 வகைச் சாமான்கள். மொத்தச் செலவு ரூ.86 கோடி என்று அறிவித்தார்கள்.

இந்த வாசலில் ஒரு நல்ல குணம் உண்டு. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி. சிபாரிசு தேவையில்லை. ஆனால் கெட்ட குணமும் அதுவேதான். மைதானம் இருக்கிற ஊருக்கும் ஒரு பெட்டி. கால் வைக்க இடமில்லாத ஊருக்கும் ஒரு பெட்டி! அதுவும் ஊராட்சி வாசலோடு சரி. ஊருக்குள் மூன்று சங்கம் இருந்தால் மட்டை யார் கையில், பந்து யார் கையில்? அங்கே பெட்டியின் சாவி யாரிடமோ அவரே காவல்காரர்.

இரண்டாவது வாசல், நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் தொடங்கியது. நடுவில் 2011-ல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது. 2021-ல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியைச் சர்க்கார் போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. தனி ஆள் போடலாம், சங்கம் போடலாம், கம்பெனியும் போடலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்? ரூ.6 லட்சத்துக்கு ஒரு மைதானச் சுவர் என்றால் ஊர் மக்கள் ரூ.2 லட்சம் கட்ட வேண்டும். சம்பளக்காரர்கள் குடியிருக்கும் நகர் ஒரு மாதத்தில் வசூலித்துவிடும். கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைக்கும் குப்பம் என்ன செய்யும்? கையில் இருப்பவனுக்குச் சர்க்காரும் கொடுக்கிறது. இல்லாதவன் ஏக்கத்தோடு வேடிக்கை பார்க்கிறான்.

மூன்றாவது வாசல், எம்.எல்.ஏ. தொகுதி நிதி. நான்காவது, எம்.பி. நிதி. எம்.பி. நிதி 1993-ல் தொடங்கியது. 2011-லிருந்து வருஷத்துக்கு ரூ.5 கோடி என்று ஆனது. இங்கே சிபாரிசு செய்பவர் உறுப்பினர். உத்தரவு போடுபவர் கலெக்டர். எந்த ஊருக்கு முதலில் என்பதற்கு மார்க் கிடையாது. மனு இருக்கும், சிபாரிசும் இருக்கும். "அந்த ஊருக்கு ஏன், இந்த ஊருக்கு ஏன் இல்லை" என்று ஒப்பிட்டு எழுதிய காகிதம் இருக்காது.

ஐந்தாவது வாசல்தான் வள்ளூர் வட்டாரத்துக்கே உரியது. கம்பெனி வாசல்!

கம்பெனிப் பணம் யார் பணம்?

வள்ளூர் என்றால் இன்று பலருக்கும் ஞாபகம் வருவது அனல் மின் நிலையம். தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாடு மின் வாரியமும் பாதிக்குப் பாதி என்று கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. ஒவ்வொன்றும் 500 மெகாவாட் வீதம் மூன்று யூனிட். மொத்தம் 1,500 மெகாவாட். பக்கத்திலேயே வடசென்னை அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம். அதற்கு அப்பால் காட்டுப்பள்ளி. ரெயில் பாதையோடு வடக்கே போனால் கும்மிடிப்பூண்டியில் சிப்காட்.

2013-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு இந்த வட்டாரத்தின் தலைவிதியைக் கொஞ்சம் மாற்றியது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, அல்லது விற்றுமுதல் ரூ.1,000 கோடி, அல்லது நிகர லாபம் ரூ.5 கோடி. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. கிராம விளையாட்டுகளை வளர்க்கப் பயிற்சி கொடுப்பதும் அந்தக் காரியங்களின் பட்டியலில் இருக்கிறது.

புகையும் சாம்பலும் லாரித் தூசியும் தின்னும் ஊருக்கு இது நியாயமாக வர வேண்டிய பணம்.

ஆனால் அதை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்வது கம்பெனியின் டைரக்டர் போர்டு. கிராம சபை அல்ல. ஊராட்சி கடிதம் எழுதலாம், அவ்வளவே. போர்டு சம்மதித்தால் உண்டு. இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு என்று போர்டு சொல்லிவிட்டால் மைதானம் அடுத்த வருஷம்தான். சங்கம் நேராகப் போய்க் கேட்டால், "பதிவு செய்த சங்கமா? வரவு செலவு ஆடிட் ஆகியிருக்கா?" என்பார்கள். தெரு முனையில் மூங்கில் கம்பத்தில் வலை கட்டி ஆடும் பையன்களிடம் ஆடிட் ரிப்போர்ட் எங்கே இருக்கும்?

"தலைவரைப் பாரு!"

இந்த ஐந்து வாசலுக்கும் நடுவே ஒரு கபடிக் குழு மாட்டிக்கொண்டால் டீக்கடைப் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, நம்ம டீமுக்கு ஒரு பாய் வேணும். யாரைப் பார்க்கணும்?"

"தலைவரைப் பாரு."

"தலைவரு பி.டி.ஓ.வைப் பாருன்றாரு."

"பி.டி.ஓ. ஸ்கீம்லே இல்லேம்பாரு. எம்.எல்.ஏ. ஆபீஸ்லே ஒரு மனு குடு."

"குடுத்தாச்சுண்ணே. ஆறு மாசம் ஆச்சு."

"அப்போ கம்பெனிக்காரனைத்தான் கேக்கணும்!"

இதில் யார் மீதும் குற்றம் இல்லாமல் இருக்கலாம். யாரும் லஞ்சம் கேட்டிருக்கத் தேவையில்லை. யாரும் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்தக் குழுவுக்கு ஒரு பதில் கிடைக்கவில்லை. "இத்தனை மனு வந்தது. உங்களுக்கு இன்ன இடம். முதலிடம் இவர்களுக்கு, காரணம் இது" என்று ஒரு காகிதம் எங்கேயும் ஒட்டப்படவில்லை.

சுவர் கட்டுவதற்கு டெண்டர் உண்டு. அதற்கு 1998-லேயே டெண்டர் வெளிப்படைச் சட்டம் வந்தாயிற்று. எந்தக் காண்டிராக்டர், என்ன ரேட்டு என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். ஆனால் அந்தச் சுவர் எந்தத் தெருவில் என்ற கேள்விக்கு டெண்டர் கிடையாது. அது பேச்சிலேயே முடிந்துவிடுகிறது.

பேச்சில் முடிந்தால் யாருக்கு லாபம்? சத்தம் போடத் தெரிந்தவனுக்கு. சொந்தக்காரனுக்கு. ஓட்டு அதிகம் உள்ள தெருவுக்கு. காலனிப் பையனும், இருளர் குடியிருப்புப் பையனும், பெண் பிள்ளைகளும் கடைசி வரிசை.

அழிந்த பலகை, அழியாத மார்க்

விளையாட்டு கிராண்டு கொடுப்பதில் காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? காகிதம் இருந்தால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விக்கும் ஆஸ்திரேலியாவில் பதில் கிடைத்தது. இரண்டு தடவையும் மந்திரி பதவி பறிபோனது!

முதல் தடவை 1994. விளையாட்டுத் துறையைக் கவனித்த மந்திரி ராஸ் கெல்லி அம்மையார். ஊர் மன்றங்களுக்கும் மைதானங்களுக்கும் கிராண்டு கொடுத்ததைத் தணிக்கை அதிகாரி தோண்டினார். யாருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்பதற்குப் பதிவேடு இல்லை. எப்படித்தான் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பார்லிமெண்டுக் கமிட்டி கேட்டது. ஆபீசில் இருந்த பெரிய வெள்ளைப் பலகையில் எழுதிப் பார்த்து முடிவு செய்ததாகச் சொன்னார். பலகையில் எழுதியது? அழித்தாயிற்று! எதிர்க்கட்சி விடவில்லை. பிப்ரவரி மாதம் அவர் ராஜினாமா செய்தார்.

இரண்டாவது தடவை 2020. இந்த முறை மந்திரி பிரிட்ஜெட் மெக்கன்சி. கிராண்டு மொத்தம் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். இப்போது ஒரு வித்தியாசம் இருந்தது. விளையாட்டு ஆணையம் ஒவ்வொரு மனுவுக்கும் மார்க் போட்டு வரிசைப்படுத்தி வைத்திருந்தது. மந்திரி ஆபீஸ் தனியாக வேறு கணக்குப் போட்டது. மூன்றாவது சுற்றில் கிராண்டு வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் ஆணையம் சிபாரிசு செய்யாதவர்கள் என்று தணிக்கை அறிக்கை சொன்னது. 2019 தேர்தலில் இழுபறியாக இருந்த தொகுதிகள் பக்கம் பணம் சாய்ந்திருந்தது என்றும் சொன்னது. இந்தப் புயலுக்கு நடுவே, கிராண்டு வாங்கிய ஒரு துப்பாக்கி சுடும் மன்றத்தில் தானே உறுப்பினர் என்பதை அவர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்ற விஷயமும் வெளிவந்தது. அதன் பேரில் அவர் பதவி விலகினார்.

இரண்டு கதைக்கும் நடுவில் உள்ள பாடம் முக்கியம். 1994-ல் காகிதம் இல்லை. அதனால் எந்த மன்றத்துக்கு அநியாயம் நடந்தது என்பதே தெரியாமல் போயிற்று. 2020-ல் மார்க் இருந்தது. அதனால் 80 மார்க் வாங்கியும் பணம் கிடைக்காத மன்றம் எழுந்து நின்று கேட்க முடிந்தது.

மார்க் போட்டால் தப்பு நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. மார்க் இருந்தால் தப்பு பிடிபடும். அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிசு.

பக்கத்து வீட்டில் என்ன சமையல்?

ஆஸ்திரேலியா எதற்கு? எல்லை தாண்டினால் கேரளம்.

1996-ல் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியது. திட்டப் பணத்தில் பெரும் பங்கை உள்ளாட்சிகள் கையில் கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. யாருக்கு உதவி என்பதை மனு வாங்கி, தகுதி இன்னது என்று முன்கூட்டியே அறிவித்து, மார்க் போட்டு, பட்டியலைக் கிராம சபையில் வைக்க வேண்டும். அங்கேயும் கட்சிச் சண்டை உண்டு, குறை உண்டு. ஆனால் "பட்டியலைக் காட்டு" என்று ஒருவர் கேட்டால் அது விசித்திரமான கேள்வி அல்ல.

அதே கேரளத்தில் பின்னாளில் "ஒரு பஞ்சாயத்து, ஒரு மைதானம்" என்ற திட்டமும் வந்தது. மைதானத்துக்கு ரூ.1 கோடி. பாதி விளையாட்டுத் துறை போடும். மீதி உள்ளாட்சி, எம்.எல்.ஏ. நிதி போன்ற வழிகளில் சேர வேண்டும். அதன் பெயரே மைதானம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பந்து வாங்கலாம், பூமி வாங்க முடியுமா?

வள்ளூர் வட்டாரத்தில் பணத்தை விட அரிதான சாமான் ஒன்று உண்டு. நிலம்.

ஒரு பக்கம் மின் நிலையங்கள், சாம்பல் குளம். ஒரு பக்கம் துறைமுக ரோடு. ஒரு பக்கம் கொசஸ்தலையாறும் எண்ணூர்க் கழிமுகமும். மிச்சம் இருப்பது ரெயில் பாதையோரம். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அங்கே மனைப்பிரிவுகள் எழும்புகின்றன. நேற்று ஆடிய பொட்டலில் இன்று கல் நட்டிருக்கிறது.

இங்கே சட்டத்தில் ஒரு ஆயுதம் உண்டு. பலருக்கும் தெரியாது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர், அதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக, புதிதாகப் போட்ட பெரிய நகர் ஒவ்வொன்றிலும் ஊராட்சி பெயரில் ஒரு துண்டு நிலம் இருந்தாக வேண்டும். அது வேலி போட்ட மைதானமாக இருக்கிறதா, மண் மேடாக இருக்கிறதா, யாராவது மாடு கட்டி வைத்திருக்கிறார்களா?

தமிழ்நாட்டில் 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. "இருக்கிற மைதானத்தைப் பட்டியல் போட்டு வை" என்பதுதான் அதன் அடிப்படை. நகரத்துக்காகப் பிறந்த அந்த யோசனை, நகரமாகிக் கொண்டிருக்கும் இந்தக் கிராமங்களுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். மறுபடியும் அதே சொல்: பட்டியல்!

மண்ணைச் சமன் செய்யும் செலவுக்கும் வழி இருந்தது. 100 நாள் வேலைத் திட்டத்தில் அனுமதித்த வேலைகளின் வரிசையில் விளையாட்டு மைதானமும் இருந்தது. நிலம் ஊராட்சி பெயரில் இருந்தால் மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். நிலம் போனால் போனதுதான்.

நாற்காலி காலியானால்?

ஊராட்சித் தலைவர் மீது கோபம் இருந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டில் காட்டலாம். நாற்காலியே காலியாக இருந்தால்?

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் கிராம ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நடுவில் மூன்று வருஷம் தனி அலுவலர் ராஜ்யம். பிறகு வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்களை நியமித்தார்கள். கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் பி.டி.ஓ.தான்.

மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள், 526 கிராம ஊராட்சிகள். மீஞ்சூர் ஒன்றியத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேல். அத்தனை ஊருக்கும் ஒரு அதிகாரி பொறுப்பு என்றால் வள்ளூர்த் தெருவில் எந்தச் சங்கம் உண்மையில் ஆடுகிறது, எது பெயர்ப் பலகை மட்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் யாராவது சொன்னால்தான் தெரியும். சொல்கிறவர் யார்? அங்கே மறுபடியும் சிபாரிசு நுழைகிறது.

தலைவர் இருந்தபோது செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஒருவர் மீது ஒருவர் கண். தனி அலுவலர் காலத்தில் அந்த இரண்டாவது ஊர்க் கண்ணும் இல்லை. அதனால்தான் எழுதி ஒட்டிய பட்டியல் இன்னும் அவசியமாகிறது.

நான்கு மார்க் போதும்

பெரிய கமிட்டி வேண்டாம். வெளியூர் நிபுணர் வேண்டாம். ஒரு ஊராட்சி நான்கே கேள்விக்கு மார்க் போட்டால் போதும்.

ஒன்று: இந்தச் சங்கத்தில் அல்லது தெருவில் தினமும் எத்தனை பேர் ஆடுகிறார்கள்? பெண்கள் எத்தனை பேர்?

இரண்டு: பக்கத்தில் வேறு மைதானம் எவ்வளவு தூரம்?

மூன்று: இதற்கு முன் எந்த வாசலிலாவது உதவி வாங்கியிருக்கிறார்களா? வாங்கியவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும்.

நான்கு: கொடுத்ததை யார் பராமரிப்பார்கள்? பூட்டு யாரிடம்? மற்ற தெருப் பையனை உள்ளே விடுவார்களா?

மனு கொடுத்த எல்லாருடைய பெயரும், வாங்கிய மார்க்கும் ஊராட்சி ஆபீஸ் சுவரில். தீர்மானத்தில் கை தூக்கும் உறுப்பினருக்கு அந்தச் சங்கத்தில் பங்கு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கம்பெனியும் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் அந்தப் பட்டியலைப் பார்த்தே கொடுக்கட்டும். கொடுக்கும் கை அவர்களுடையது. வரிசை ஊருடையது.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கிராம சபையில் ஒரு தீர்மானம் போதும்.

கேட்கிறவனுக்கு ரூ.10

கிராம சபை முன்பு வருஷத்துக்கு நான்கு தடவை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்த்து ஆறு தடவை என்று அறிவித்தார்கள். ஊர் வரவு செலவு, தணிக்கை அறிக்கை, அடுத்த வருஷத் திட்டம் எல்லாம் சபை முன் வர வேண்டும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் இது பொருந்தும்.

ஜனத்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊரில் 200 பேர் கூடினால் கோரம். 10,000-க்கு மேல் என்றால் 300. ஒரு டோர்னமெண்டு பைனலுக்கு இதைவிடக் கூட்டம் கூடுகிறது! அதே கூட்டம் அக்டோபர் 2-ந் தேதி ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்து, "எங்கள் மைதானத்தை ஊர் வளர்ச்சித் திட்டத்தில் எழுது" என்று கேட்டால் எழுதாமல் இருக்க முடியாது. திட்டத்தில் எழுதாத வேலைக்கு எந்த வாசலும் திறப்பதில்லை.

பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் ரூ.10. பதிலுக்குக் கெடு 30 நாள். கேட்க வேண்டிய கேள்விகளும் மூன்றே மூன்றுதான். கடைசியாக வந்த விளையாட்டுப் பெட்டியில் என்னென்ன இருந்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்? மனைப்பிரிவுகளில் ஊராட்சிக்கு வந்த திறந்தவெளி எத்தனை, சர்வே நம்பர் என்ன? விளையாட்டுக்கு உதவி கேட்டு வந்த மனுக்கள் எத்தனை, முடிவு என்ன?

பதக்கம் வந்த பிறகு...

2024 நவம்பரில் சென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் ஜெயித்து வந்தார். ஆட்டோ டிரைவர் மகள். அரசு ரூ.1 கோடி கொடுத்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அவருக்கு ரூ.25 லட்சம். கொடுத்தது சரி. கைதட்ட வேண்டிய விஷயம்.

ஆனால் பதக்கம் வாங்கிய பிறகு கொடுப்பது சுலபம். யாருக்கு என்று குழப்பமே இல்லை. கழுத்தில் தொங்குகிறதே!

கஷ்டமான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. பத்து வயதில் புழுதியில் ஆடும் பிள்ளைகளில் யார் நாளைக்குப் பதக்கம் வாங்குவார் என்று எந்தத் தலைவருக்கும் தெரியாது. எந்த பி.டி.ஓ.வுக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான் எல்லாருக்கும் ஆட ஒரு இடம் வேண்டும். எல்லாருக்கும் உடனே கொடுக்க முடியாது என்பதால்தான் வரிசை வேண்டும். வரிசை நியாயமானது என்று ஊர் நம்ப வேண்டும் என்பதால்தான் அதை எழுதி ஒட்ட வேண்டும்.

ரேஷன் கடையில் கூட வரிசையில் நின்றால் தன் முறை எப்போது என்று தெரிகிறது. வள்ளூர் பக்கத்துக் கபடிப் பையனுக்கும் அதே மரியாதை கிடைத்தால் போதும்.

ஒரு தாள். ஒரு டப்பா பசை. ஊராட்சி ஆபீஸ் சுவர். செலவு அவ்வளவுதான்!